எந்த உலகத்துல விளையாடலாம்?

டேபிள்டாப் ஆர்பிஜி எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்கள்ல பாதி ஒரே கேள்விதான்: "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கப் போறோம், எந்த உலகத்தை எடுக்கிறது?" யாங்கோன்ல வாராவாரம் ஒரு குழுவுக்கு கேம் மாஸ்டரா இருக்கிறவன்ங்கிற முறையில என் கருத்து இது. சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம்.

எல்லாரும் முதல்ல சொல்றது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். எட் கிரீன்வுட் உருவாக்கியது. 1987இல் டி அண்ட் டி உலகமாக வெளியானது. பிறகு நாவல், வீடியோ கேம் என்று குவிந்துகிடக்கிறது. நம்ம பாஷையில சொன்னா, டாகுமென்டேஷன் ஏராளம், ஆனா வெர்ஷனுக்கு வெர்ஷன் ஒத்துப்போகாது. 2008இல் நாலாம் பதிப்பு வந்தப்போ கதையின் காலத்தையே சுமார் நூறு வருஷம் முன்னே நகர்த்திட்டாங்க. யாருக்கு விக்கி மனப்பாடமோ அவர்தான் அங்கே ராஜா.

அடுத்தது, நம்ம ஊர் வாசனை உள்ள உலகம். 2021இல் வந்த ரேவன்லாஃப்ட் புத்தகத்தில் அஜித் ஜார்ஜ் எழுதிய கலாகேரி இருக்கு: ஒரு மகாராணி, அரியணைக்காக அடித்துக்கொள்ளும் கூடப்பிறந்தவர்கள். பார்த்ததும் பெருமையா இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க குழுவில் ரெண்டு பர்மியர், ஒரு சீனர், என் சித்தி பையன், நான். நாலு வாரம் ஓட்டினோம். அரண்மனை வாசல் வந்தாக்கூட எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க: "உங்க ஊர்ல இப்படித்தானா?" எனக்கு எப்படித் தெரியும்? நான் பிறந்ததே யாங்கோன்ல.

அப்புறம்தான் எபெரானுக்கு வந்தோம். 2002இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நடத்திய தேடலில், 11,000க்கும் மேற்பட்ட யோசனைகளில் இருந்து கீத் பேக்கருடையது தேர்வாகி, 2004இல் புத்தகமானது. சுமார் நூறு வருஷப் போர் முடிந்து ரெண்டே வருஷம் ஆன உலகம். அந்தப் போரில் சைர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்துபோனது. ஏன்? புத்தகம் சொல்லாது. வேணும்னே விட்டுவெச்சிருக்காங்க. எந்தப் பதிப்பை எடுத்தாலும் கதை அதே 998ஆம் வருஷத்தில்தான் தொடங்கும்.

ஒரு பர்மிய நண்பர் சைர் அகதியா விளையாட வந்தார். "பையில என்ன இருக்கு?"ன்னு கேட்டேன். "குடும்பப் பட்டியல்"னார். இங்கே ஒரு வீட்டில் யார் யார் இருக்காங்கன்னு அரசு பதிந்து தரும் காகிதம் அது. அது இல்லாம இங்கே பல வேலை நடக்காது. அவர் கையில் இருந்ததோ இல்லாமப்போன நாட்டோட குடும்பப் பட்டியல். எபெரான்லயும் அடையாளப் பத்திரம் உண்டு. அன்னைக்கு ஒரே ஒரு சோதனைச்சாவடியிலேயே மூணு மணி நேரம் ஓடிடுச்சு. நடுவுல கரண்ட் போச்சு. ஃபோன் டார்ச்சில் பகடை உருட்டினோம். யாரும் எழுந்து போகலை.

எனக்கு என் தாத்தாவோட தம்பி ஞாபகம் வந்தது. 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் மெட்ராஸுக்குக் கப்பலேறியவர். தாத்தா இங்கேயே இருந்துட்டார். ஏன்னு எங்க வீட்டில் யாரும் சொன்னதில்லை. உங்க அப்பா அம்மா கிளம்பியது யாழ்ப்பாணமோ ரங்கூனோ, உங்க வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருக்கும்.

அதனால பெயர்கள் நம்முடையதாங்கிறதைப் பார்க்காதீங்க. உங்க குழுவில் எல்லாருக்கும் சொந்தமான ஒரு கேள்வியைப் பதில் சொல்லாம விட்டிருக்கிற உலகத்தை எடுங்க.

"இதையெல்லாம் மறக்கத்தானேண்ணா விளையாட வர்றோம்?"னு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆகவே முதல் நாள் பகடையைத் தொடுறதுக்கு முன்னாடி, எது வேண்டாம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதிவெச்சுக்கங்க. முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம். ஷார்ன்னு ஒரு நகரம் இருக்கு, அது போதும். தேவையான பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக்கங்க. கரண்ட் போனாலும் விளையாடலாம்.

நீங்க எந்த உலகத்துல இருக்கீங்க? இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க.