பெருத்த டவர், ஒழுகும் தட்டு

‘கொஞ்சம் பெருசாவே போட்டுடுங்க சார், பின்னாடி உதவும்.’ மணலிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் நான் கேட்ட வசனம் இது. பிள்ளைக்குச் சட்டை தைக்கச் சொல்லலாம். காய்ச்சி வடிக்கும் டவருக்குச் சொல்லக் கூடாது.

டவருக்குள் துளையிட்ட தட்டுகள் ஏறக்குறைய இரண்டடிக்கு ஒன்றாக அடுக்கியிருக்கும். ட்ரே என்போம். நம் இட்லிப் பானை மாதிரி ஆவி துளை வழியே ஏறும். மேலிருந்து வரும் திரவம் தட்டின் குறுக்கே ஓடி, ஓரத்து டவுன்கமர் வழியாகக் கீழ்த் தட்டுக்கு இறங்கும். துளையில் ஒழுகாமல் திரவத்தைத் தாங்குவது ஆவியின் வேகம்தான். வேகம் மிஞ்சினால் திரவம் மேலே அடித்துக்கொண்டு போகும், அது ஃப்ளடிங். அந்த எல்லையைக் கணக்கிட 1934லேயே சவுடர்ஸ், பிரவுன் இருவரும் வழி சொல்லிவிட்டார்கள். அதில் 80 சதவீதத்தில் ஓட்டினால் போதும். பாதுகாப்பு அதிலேயே இருக்கிறது.

ஆனால் கணக்குப் போடுபவர் ஒரு பங்கு கூட்டுவார், மேலதிகாரி ஒரு பங்கு, செய்து தரும் கம்பெனி ஒரு பங்கு. விட்டம் 20 சதவீதம் கூடினால் பரப்பு 44 சதவீதம் கூடும். துளைகளும் அப்படியே. ஆலை பாதிச் சுமையில் ஓடும்போது, சரியான தட்டிலேயே துளையில் ஆவி கொடுக்கும் அழுத்தம் நாலில் ஒன்றாகிவிடும். பெருத்த தட்டில் எட்டில் ஒன்று! பிறகென்ன, சல்லடையில் ஊற்றிய தண்ணீர்தான். ஃப்ளடிங்கை அழுத்தமானி காட்டிக் கொடுக்கும். ஒழுகல் சத்தமில்லாமல் நடக்கும்.

டீசல் தரம் கெட்டால் மறுபடி காய்ச்சலாம், செலவு கம்பெனிக்கு. வாயுவைக் கழுவும் அமீன் டவர் ஒழுகினால் செலவு ஊருக்கு. பிடிபடாத ஹைட்ரஜன் சல்ஃபைடு எரிவாயுவோடு உலைக்குப் போய், கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கியில் வெளியேறும். வடமேற்குக் காற்றடித்தால் அது எங்கே வரும் என்று தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

‘நாளை விரிவாக்கம் வருமே’ என்பார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன்னில் தொடங்கி ஒரு கோடியைத் தாண்டியது, பெரும்பாலும் புது யூனிட்டுகள் கட்டித்தான். பழைய டவரிலும் தட்டுகளை மட்டும் மாற்றலாம். ஷட்டவுனில் செய்கிற வேலைதானே.

தாராளம் காட்டியே ஆக வேண்டுமென்றால் டவுன்கமரில் காட்டுங்கள். அமீன் நுரைக்கும், நுரை அடங்க அங்கே சில விநாடி வேண்டும். மற்றபடி, தட்டின் வரைபடம் மேஜைக்கு வந்தால் குறைந்தபட்சச் சுமை என்னவென்று முதலில் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.