நடு மைதானத்துல ஒரு எஸ்.ஐ.!

ஒரு சின்ன டெஸ்ட். உங்க ஹாஸ்டல் ரூம் சுவத்துல யார் போட்டோ ஒட்டியிருக்கு? மெஸ்ஸி, ரொனால்டோன்னு கோல் போடுற ஆளுங்கதானே? கொஞ்சம் விவரமான பார்ட்டியா இருந்தா ஜெரார்டு, லாம்பார்டு, ஷாவின்னு மிட்ஃபீல்டர்கள் இருப்பாங்க. சரி, அடுத்த கேள்வி. தமிழ்நாட்டுல இருந்து போய் இந்தியாவுக்கு ஆடின ஒரு மிட்ஃபீல்டர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்!

என்ன, சத்தத்தையே காணோம்?

பரவாயில்ல. இந்த வாரம் நாம பேசப்போறதே அந்த மாதிரி ஒருத்தரைப் பத்திதான். பேர் இந்துமதி கதிரேசன். கடலூர்க்காரர். 1994-ல் பிறந்தவர். இந்திய மகளிர் கால்பந்து அணியில நடுக்களத்தைப் பார்த்துக்கிட்டவர். அவருக்கு இன்னொரு யூனிஃபார்மும் உண்டு. காக்கி! தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர்.

அதுக்கு முன்னாடி, மிட்ஃபீல்டர்னா என்ன வேலைன்னு சுருக்கமா பார்த்துடலாம். மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஃபார்வர்டுக்கு எதிராளி கோல் மேல கண்ணு. டிஃபெண்டருக்கு தன்னோட கோல் மேல கண்ணு. மிட்ஃபீல்டருக்கு ரெண்டு பக்கமும் கண்ணு வேணும். ஒரு மேட்ச்சுக்குப் பத்து கிலோமீட்டர் ஓடுறதெல்லாம் இவங்களுக்கு சாதாரணம். பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னாடியே யார் எங்க நிக்கிறாங்கன்னு தலையைத் திருப்பிப் பார்த்து வெச்சிருக்கணும். நம்ம ஊர் பாஷையில சொன்னா, சேலம் ஜங்ஷன் மாதிரி. சென்னை வண்டி, கோவை வண்டி, பெங்களூரு வண்டின்னு எல்லாம் இங்க வந்துதான் பிரியும். ஜங்ஷன்ல ஒரு சிக்னல் சொதப்பினா மொத்த லைனும் நின்னுடும். ஆனா ஹைலைட்ஸ்ல ஜங்ஷனை யாரும் காட்ட மாட்டாங்க!

இந்துமதியோட கிராஃபைப் பாருங்க. 2018-ல் கட்டாக்கில் நடந்த சீனியர் நேஷனல்ஸ் ஃபைனல்ல தமிழ்நாடு பெண்கள் அணி, மணிப்பூரை 2-1-னு ஜெயிச்சு முதல் தடவையா பட்டம் வாங்குச்சு. பெண்கள் ஃபுட்பால்ல மணிப்பூர்னா சாதாரண டீம் இல்ல. வருஷக்கணக்குல கோப்பையைத் தன் வீட்டு அலமாரியிலயே வெச்சிருந்த டீம். அதைத் தட்டிப் பறிச்ச நம்ம அணியில இந்துமதி இருந்தார்.

அடுத்து 2019. மார்ச் மாசம் நேபாளத்துல பிராட்நகர்ல சாஃப் சாம்பியன்ஷிப். செமி ஃபைனல்ல இந்தியா, வங்கதேசத்தை 4-0-னு அடிச்சது. அதுல ரெண்டு கோல் இந்துமதியோடது. ஃபைனல்ல நேபாளத்தை அவங்க ஊர்லயே 3-1-னு தோற்கடிச்சு கப்பைத் தூக்கினாங்க. அதே வருஷம் மே மாசம் லூதியானாவுல, சேது எஃப்.சி. இந்தியன் வுமன்ஸ் லீக் சாம்பியன். சேது நம்ம மதுரை டீம். அதுலயும் நடுவுல இவர்தான்.

2020-ல் கொரோனா வந்துச்சு. மைதானம் எல்லாம் பூட்டு. நாம எல்லாம் வீட்டுக்குள்ள இருந்தப்போ, இந்தியாவுக்கு ஆடுற இந்த மிட்ஃபீல்டர் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு சென்னையில லாக்டவுன் டூட்டி பார்த்தார். டூட்டியும் பார்த்து ஃபிட்னஸையும் விடாம, 2022 ஜனவரியில ஆரம்பிச்ச ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியிலயும் இடம் பிடிச்சார். இன்னொரு தமிழ்நாட்டு மிட்ஃபீல்டர் கார்த்திகா அங்கமுத்துவும் அந்த அணியில இருந்தார். அந்தக் கோப்பை பாதியிலயே கசந்துபோச்சு. ஈரானோட 0-0 டிரா. அடுத்த மேட்ச்சுக்குள்ள அணிக்குள்ள கொரோனா புகுந்து, களத்துல இறக்க ஆளே போதாம இந்தியா விலக வேண்டியதாயிடுச்சு. சொந்த நாட்டுல நடந்த ஆசியக் கோப்பை ஒரே மேட்ச்சோட முடிஞ்சுது!

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தியாவுக்கு ஆடுறவங்களுக்கு எதுக்குங்க போலீஸ் வேலை?

கணக்கைப் பாருங்க, புரியும். பெண்களுக்குன்னு தேசிய லீக் இந்தியாவுல ஆரம்பிச்சதே 2016-17 சீசன்லதான். ஆரம்ப வருஷங்கள்ல ஃபைனல் ரவுண்டு மொத்தமும் ஒரே ஊர்ல, சில வாரத்துல முடிஞ்சுடும். மீதி மாசத்துக்கு என்ன சாப்பிடுறது? 2023-ல்தான் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டுச்சு. லீக்ல இருக்கிற 8 கிளப்பும் குறைஞ்சது 10 இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாம கான்ட்ராக்ட் போடணும்னு. மாசத்துக்கு சுமார் 26,600 ரூபாய். நம்ம கேம்பஸுக்கு வர்ற சர்வீஸ் கம்பெனி ஃப்ரெஷருக்குக் குடுக்கிற ஆஃபரும் ஏறக்குறைய இதுதான்! ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சாஃப்ட்வேர் ஆளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிஞ்சாலும் மறுநாள் கோட் எழுதலாம். மிட்ஃபீல்டரால முடியாது.

அதனால இந்த நாட்டுல ஃபுட்பால் ஆடினவங்க ரொம்ப காலமாவே ஒரு வேலையோட நிழல்லதான் ஆடியிருக்காங்க. ஒரு காலத்துல இந்தியன் பேங்க் அணியே தேசிய லீக்ல ஆடுச்சு. சென்னை லீக்ல ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ்னு ஆபீஸ் பேர்லதான் டீமே இருக்கும். பேங்க், ரயில்வே, போலீஸ்னு ஏதோ ஒண்ணு சம்பளம் குடுக்கும், இவங்க ஆடுவாங்க. 2025 ஜூலையில தாய்லாந்தை அவங்க மண்ணுலயே 2-1-னு ஜெயிச்சு, இந்திய மகளிர் அணி 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி வாங்குச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டு கோலையும் அடிச்சவர் சங்கீதா பாஸ்ஃபோர். அவரும் மிட்ஃபீல்டர். எல்லைக் காவல் படையான எஸ்.எஸ்.பி.யில வேலை பார்த்தவர்!

'இந்தியாவுல இப்படித்தான்ப்பா, இங்கிலாந்துன்னா வேற லெவல்'னு நினைக்கிறீங்களா? இருங்க. ஃபாரா வில்லியம்ஸ்னு ஒரு மிட்ஃபீல்டர். இங்கிலாந்துக்காக 172 மேட்ச். அந்த நாட்டுக்கு ஆண்கள், பெண்கள் யாரை எடுத்துக்கிட்டாலும் அவ்வளவு மேட்ச் ஆடி ரிட்டையர் ஆனவர் இவர் ஒருத்தர்தான். 2015 உலகக் கோப்பையில ஜெர்மனிக்கு எதிரா இவர் அடிச்ச பெனால்டியாலதான் இங்கிலாந்துக்கு மூணாவது இடம் கிடைச்சது. அப்படிப்பட்டவருக்கு, 2001-ல் இங்கிலாந்து டீமுக்குள்ள வந்த காலத்துல தங்க வீடு கிடையாது. வீடில்லாதவங்க தங்குற விடுதிகள்ல வருஷக்கணக்குல இருந்துக்கிட்டே நாட்டுக்கு ஆடினார். 2021-ல்தான் ரிட்டையர் ஆனார்.

ஏன் இப்படி? 1921-ல் இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம், பெண்கள் டீமுக்குத் தன்னோட மைதானங்களைத் தரக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. இத்தனைக்கும் அதுக்கு முந்தின வருஷக் கடைசியில, லிவர்பூல் குடிசன் பார்க்ல பெண்கள் மேட்ச் பார்க்க 53,000 பேர் கூடியிருந்தாங்க! அந்தத் தடை சுமார் 50 வருஷம் நீடிச்சுது. 2009-ல்தான் 17 வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 16,000 பவுண்டு கான்ட்ராக்ட் வந்துச்சு. 2018-ல்தான் அவங்க டாப் லீக் முழுநேர புரொஃபஷனல் ஆச்சு. 2022 யூரோ ஃபைனலுக்கு வெம்ப்ளியில 87,192 பேர் திரண்டாங்க. ஆளும் ஆட்டமும் எப்பவும் இருந்துச்சு. இல்லாம இருந்தது ஆடுறவங்களுக்கான சாப்பாடும் கூரையும்தான்.

ஃபாராவுக்கு அன்னிக்குக் கிடைக்காத கூரை, இந்துமதிக்குக் காக்கி யூனிஃபார்மா கிடைச்சுது. அவரோட கேரியர்ல எனக்குப் பெருசா தெரியுறது இதுதான். 'வேலையா, விளையாட்டா?'ன்னு நம்ம வீட்டுல கேக்குறாங்களே, அந்தக் கேள்விக்கே இடம் இல்லாம ரெண்டையும் ஒரே கையில பிடிச்சிருக்கார்.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வாங்க. சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு. முட்டை, லாரி, ரிக் வண்டி, ஜவ்வரிசியோட நாம இன்னொண்ணுக்கும் ஃபேமஸ். ரெசிடென்ஷியல் ஸ்கூல்! ப்ளஸ் டூ மார்க்குக்காக தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைங்களைக் கொண்டுவந்து விட்ட ஊர் இது. டைம்டேபிள்ல பி.டி. பீரியட்னு இருக்கும். ஆனா அந்த நேரத்துக்கு கரெக்டா மேத்ஸ் சார் உள்ள வந்துடுவார். இந்தப் பக்கம் படிச்ச யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வாங்க. நானும் அந்த செட்டுதான். ரெண்டு வருஷத்துல நான் கிரவுண்டைப் பார்த்தது பெரும்பாலும் கிளாஸ் ஜன்னல் வழியாத்தான்.

இதே மண்ணுலதான் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டுப் பழகினார். இதே சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில இருந்துதான் மாரியப்பன் தங்கவேலு கிளம்பி, ரியோ, டோக்கியோ, பாரிஸ்னு மூணு பாராலிம்பிக்ஸ்ல பதக்கம் அடிச்சார். ரியோவுல தங்கம் வாங்கினவருக்கே 2021-ல்தான் தமிழ்நாடு காகித ஆலையில மாநில அரசு வேலை கிடைச்சுது. அப்போ சாதாரணமா ஆடுறவங்க நிலைமை?

எங்க டிபார்ட்மென்ட்டுல ஒரு சீனியர் அக்கா. சென்டர் மிட்ஃபீல்டு. தேர்டு இயர் வரைக்கும் காலையில ஆறு மணிக்கு கிரவுண்டுல இருப்பாங்க. ஃபைனல் இயர் வந்ததும் பிளேஸ்மென்ட் டிரெயினிங் அதே நேரத்துக்கு வந்துடுச்சு. 'ஓ.டி. லெட்டர்ல கையெழுத்து வாங்க மூணு பேர் பின்னாடி ஓடணும்டா. அதுக்குப் பதிலா ஆப்டிடியூட் புக்கையே பிரிச்சுடலாம்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ஷூவை ஜூனியர் ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க. 'போலீஸ் எஸ்.ஐ. வேலையில ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குக்கா'ன்னு சொன்னப்போ, 'அப்படியா? யாருமே சொல்லலையே!'ன்னாங்க.

யாரும் சொல்லாததை இங்க சொல்லிடறேன். கட் பண்ணி வெச்சுக்குங்க.

ஒண்ணு, தமிழ்நாடு அரசு வேலைகள்ல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துற போலீஸ் தேர்வுல 10 சதவீதம் ஸ்போர்ட்ஸ் கோட்டா.

ரெண்டு, அதுக்கு எந்த சர்ட்டிஃபிகேட்டும் செல்லாது. இந்தியாவுக்கு ஆடினா ஃபார்ம் ஒண்ணு, மாநிலத்துக்கு ஆடினா ஃபார்ம் ரெண்டு, யுனிவர்சிட்டி டீமுக்காக இன்டர்-யுனிவர்சிட்டி போட்டியில ஆடினா ஃபார்ம் மூணு. ஜோனல்ல காலேஜுக்கு ஆடி வாங்கின சர்ட்டிஃபிகேட் மட்டும் போதாது. அதனால ஜோனலோட நிறுத்தாம யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷனுக்குப் போங்க. அறிவிப்பு வரும்போது எந்த விளையாட்டு, எந்த ஃபார்ம்னு முழுசா படிச்சுப் பாருங்க.

மூணு, அட்டெண்டன்ஸ். அண்ணா யுனிவர்சிட்டி விதிப்படி 75 சதவீதம் வேணும். ஆனா விளையாடப் போனதுக்கு ஆதாரம் இருந்தா 65 வரைக்கும் அனுமதிக்க வழி இருக்கு. ஓ.டி. கேட்டுப் போய் நிக்கும்போது தலையைக் குனிய வேண்டாம். அது சலுகை இல்ல, ரூல் புக்ல இருக்கிற விஷயம்.

நாலு, வீட்டுல தம்பி, தங்கச்சி ஆடுறாங்களா? இன்ஜினீயரிங் கவுன்சலிங்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குன்னு 500 சீட் ஒதுக்கியிருக்காங்க. 'விளையாடினா படிப்பு போயிடும்'னு அம்மா சொன்னா இந்த நம்பரைக் காட்டுங்க.

எல்லாரும் இந்தியாவுக்கு ஆடிட முடியாதுதான். ஆனா ஃபைனல் இயர்ல ஷூவைக் கழட்டுற ஒவ்வொருத்தரும் 'இதுக்கு மேல வழியில்ல'ன்னு நினைச்சுதான் கழட்டுறாங்க. கடலூர்ல இருந்து ஒருத்தர் அந்த வழியில போய்க் காட்டியிருக்கார். பாதை கரடுமுரடுதான், ஆனா இருக்கு.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். உங்க காலேஜ் பெண்கள் டீமோட அடுத்த மேட்ச் எப்பன்னு பி.டி. சார்கிட்ட கேளுங்க. போய் பவுண்டரி லைன் பக்கத்துல நில்லுங்க. கோல் போடுறவங்களுக்குக் கை தட்டுறதுக்கு முன்னாடி, நடுவுல தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே ஓடுற பொண்ணு யாருன்னு கவனிங்க. மேட்ச் முடிஞ்சதும் அவங்ககிட்ட அந்த மூணு ஃபார்ம் மேட்டரைச் சொல்லிட்டு வாங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!