குட்டி யானையை விட்டு டிரெய்லருக்குத் தாவலாமா? வேன் டிரைவர்கள் போடும் கணக்கு!

ஜலகண்டாபுரம்:

"மாப்ளே, நாமக்கல்லுல வண்டி சும்மா நிக்குதாம். ஓட்ட ஆள் இல்லியாம். நீ ஹெவி லைசென்ஸ் மட்டும் எடுத்துட்டு வா!"

"எடுக்கலாமுங்க மாமா. ஆனா வீட்டுக்கு எப்ப வருவேன்?"

ஜலகண்டாபுரம் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தறிக்கு நூல், ஜவுளிக் கட்டு, சந்தைக்குக் காய்கறி என்று சரக்கு வேன் ஓட்டும் வாலிபர்கள் பலர், பெரிய லாரிக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்கள்.

2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. ஊர் மக்கள் அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். முக்கால் டன் ஏற்றும் அந்த வண்டியைத் தவணைக்கு வாங்கி, கூலிக்காரராக இருந்தவர்கள் முதலாளி ஆனார்கள். இன்று ஸ்டாண்டில் வண்டி பெருத்துவிட்டது. வாடகைக்குப் போட்டி. டீசல், டயர், இன்ஷூரன்ஸ் செலவோ குறைவதாக இல்லை. தவணை தேதி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது!

கூப்பிடுகிறது நாமக்கல்

நாமக்கல் என்றால் முட்டை, லாரி இரண்டும்தான். 1997-ல் சேலத்தை விட்டுப் பிரிந்து தனி மாவட்டம் ஆனது. பாடி கட்டும் பட்டறை, டிரெய்லர், கேஸ் டேங்கர் எல்லாம் அங்கே உண்டு. பக்கத்தில் சங்ககிரி லாரி ஊர். திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்குப் பேர்போன ஊர்.

லாரி அதிபர்கள் பல வருஷமாகச் சொல்லும் குறை ஒன்றே: "வண்டி இருக்கு, டிரைவர் இல்லை." காரணம் ரகசியம் அல்ல. தான் பட்ட பாட்டைத் தன் மகனும் படவேண்டும் என்று எந்த டிரைவரும் நினைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி, இலகு ரக லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் சான்றிதழும் வேண்டும். எட்டாம் வகுப்புப் படிப்பு கட்டாயம் என்ற விதி 2019-ல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே படிப்பு தடை இல்லை.

கேஸ், பெட்ரோல் டேங்கர் என்றால் கதை வேறு. ஆபத்தான சரக்குக்கென்று தனிப் பயிற்சி எடுத்து, லைசென்ஸில் பதிய வேண்டும்.

இதில் இன்னொரு சேதி முக்கியம். 2024 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம். தனி அனுமதி தேவையில்லை என்பதே தீர்ப்பு. அதாவது, குட்டி யானை ஓட்டுபவர் அடுத்த நாளே 407 மாதிரியான சின்ன லாரியில் ஏறலாம்!

ஏணி உடைந்தது

லைசென்ஸ் கிடைத்தால் லாரி கிடைத்துவிடுமா? அங்கேதான் சிக்கல்.

அந்தக் காலத்தில் டிரைவர் ஆகும் வழி ஒன்றுதான். கிளீனராக ஏறுவது, தார்ப்பாய் கட்டுவது, டயர் மாற்றுவது, நடுராத்திரி காலி ரோட்டில் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுக்கும்போது பிடித்துப் பழகுவது. அந்தப் பழக்கம் சட்டப்படி சரியல்ல. ஆனாலும் தொழில் அப்படித்தான் கை மாறியது.

இப்போது பல லாரிகளில் கிளீனரே இல்லை. நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் 2018-ல் தளர்ந்தது. செலவு மிச்சம் என்று முதலாளிகளுக்குச் சந்தோஷம். ஆனால் கற்றுக்கொள்ளும் பையன் உட்கார்ந்த சீட் காலியாகிவிட்டது. "அனுபவம் உள்ள டிரைவர் வேணும்" என்று இன்று தேடுகிறவர்கள், அந்த அனுபவம் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை!

எடையைப் பாருங்கள்

குட்டி யானை சரக்கோடு சேர்ந்து சுமார் ஒன்றரை டன். டிரெய்லருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 55 டன். ஏறக்குறைய 35 மடங்கு! வேனில் பிரேக்கை மிதித்தால் நிற்கும். இதில், இறக்கம் வருவதற்கு முன்பே கியரைக் குறைக்கத் தெரிய வேண்டும்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இதற்குச் சாட்சி. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் வாங்கிய பலி கொஞ்சமல்ல.

காசும் குடும்பமும்

லாரியில் கைக்கு வருவது கூடுதல் என்பது பொதுவாக உண்மை. ஆனால் அது மாதச் சம்பளம் மட்டும் அல்ல. டிரிப் படியும் சேர்ந்தது. ரிட்டன் லோடு கிடைக்காமல் ஊர் பேர் தெரியாத இடத்தில் மூன்று நாள் காத்துக் கிடந்தால், அந்த மூன்று நாள் யார் கணக்கு?

1961-ம் வருஷ மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. ரோட்டில் ஓடுகிற லாரியை நிறுத்தி, "எத்தனை மணி நேரமா ஓட்டறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்புதான் பதில்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2025-ல் அமலான விதிப்படி, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். சின்ன வேனுக்கு அது இல்லை. ஆனால் ஏ.சி. வந்தால் போதுமா? தூக்கம் வேண்டாமா?

என்ன வழி?

வேனை அவசரப்பட்டு விற்காதீர்கள். முதலில் 407-ல் ஒரு வருஷம். அப்புறம் ஹெவி லைசென்ஸ் எடுத்து ஆறு சக்கரம், பத்துச் சக்கரம். டிரெய்லர் கடைசியில். வேலைக்குச் சேரும் முன்பே படி எவ்வளவு, காத்திருக்கும் நாளுக்கு என்ன, மாதத்தில் எத்தனை நாள் வீடு, இன்ஷூரன்ஸ் யார் பேரில் என்று நாலையும் கேட்டுவிடுங்கள். அட்வான்ஸைக் கை நீட்டி வாங்கிவிட்டால், பிறகு கேட்க வாய் வராது!

லாரி அதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரைவர் இல்லை என்று புலம்பிப் பயன் இல்லை. பக்கத்து சீட்டில் ஒரு வேன் டிரைவரை ஏற்றி, சம்பளம் கொடுத்து, ஆறு மாதம் பழக்குங்கள். அது செலவு அல்ல, முதலீடு.

மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு மாமா இன்னும் பதில் சொல்லவில்லை. "வீட்டுக்கு எப்ப வருவேன்?" அதற்கு நாமக்கல் பதில் சொன்னால், ஜலகண்டாபுரத்திலிருந்து ஆள் தானாக வரும்.