பிக்கப் தெரியாத பிள்ளை உண்டா?

சேலத்தில் பஸ் ஏறும்போதே, "சின்னசேலத்துல இறங்குறேன், வந்து பிக்கப் பண்ணிக்கடா" என்று தம்பிக்குப் போன் போய்விடுகிறது. கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் பழைய பைக் முக்கினால், "வண்டியில பிக்கப்பே இல்ல." குச்சிக்கிழங்கு லோடு சேகோ ஆலைக்குப் போவது பிக்கப்பில். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த பையன் சீக்கிரமே தொழில் பழகினால், "நல்லா பிக்கப் பண்ணிட்டான்." மந்தமாகத் தொடங்கிய படத்துக்கு இரண்டாம் வாரம் கூட்டம் வந்தால், "பிக்கப் ஆயிடுச்சு."

ஐந்து பொருளையும் பிசகாமல் புழங்குகிற அதே பிள்ளை, வகுப்பில் 'ஃப்ரேசல் வெர்ப்' (ஒரு வினையும் சிறு சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தரும் 'பிக் அப்' போன்ற கூட்டு) என்றதும் மிரள்கிறது. குற்றம் பிள்ளையுடையது அல்ல. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று பட்டியல் போட்டு உருப்போட வைக்கும் பழக்கத்தினுடையது.

இந்த வினைகள் கடினமானவைதாம். வெளிநாட்டவரை மிகவும் திணறடிப்பவை இவையே என்று 1755இல் வெளியான தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார்.

ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வித்தை புதிதா? பசி எடுக்கிறது, வண்டி வேகம் எடுக்கிறது, பரீட்சையில் மார்க் எடுக்கிறோம், சொந்தத்தில் பெண் எடுக்கிறோம். இவற்றில் எதையும் கையால் எடுப்பதில்லை. துணைவினைகளைப் பாருங்கள்: எழுதிவிட்டான், எழுதிவைத்தான், எழுதித் தள்ளினான். பின்னால் ஒட்டுகிற சிறு சொல் முன்னால் இருக்கும் வினையின் போக்கையே மாற்றுகிறது. ஆங்கிலத்தில் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுதான். பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் பாதி பயம் போய்விடும்.

மீதிப் பாதிக்குத்தான் ஆசிரியர் வேண்டும். தமிழ் 'பிக்', 'அப்' என்ற இரண்டு சொற்களையும் ஒரே பெயர்ச்சொல்லாக விழுங்கி, பின்னால் 'பண்ணு', 'ஆகு' சேர்த்துக்கொண்டது. அதனால்தான் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் 'பிக்கப் மீ' என்று எழுதுகிறார்கள். அங்கே அவை இன்னும் தனித்தனிச் சொற்கள். 'என்னை' என்பது நடுவில்தான் உட்கார வேண்டும்: 'பிக் மீ அப்'. ஆளின் பெயரைச் சொன்னால் அதை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். பட்டியலை உருப்போடச் செலவாகும் நேரத்தை இந்த இடத்தில் செலவழிக்கலாம்.