கத்தரி காய்க்கும் நாளே விருந்து நாள்



பிள்ளைகளின் பிறந்தநாளைக் கதைப்புத்தக விருந்தாக நடத்தும் வழக்கம் நம் பெற்றோரிடையேயும் பரவி வருகின்றது. எண்ணம் நல்லதுதான். ஆயினும் நான் கண்ட விருந்துகள் பலவும் கடையில் தொடங்கிக் கடையிலேயே முடிந்துவிடுகின்றன. கதைமாந்தர் படம் அச்சிட்ட தட்டு, அதே படம் போட்ட பலூன், அதே படத்தோடு ஒரு கேக். கதை மட்டும் எவர் வாயிலிருந்தும் வெளிவருவதில்லை. அடுத்த மாதம் பிறந்தநாள் வரவிருக்கும் வேறொரு பிள்ளையின் பெற்றோர்க்கோ அது புதியதொரு செலவாகிவிடுகின்றது.

கதை விருந்து வேண்டும். ஆனால் அது விதையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கதையில் வரும் காயைப் பிள்ளையே வீட்டில் வளர்க்கட்டும். அது காய்க்கும் நாளில் சமைத்து, பிள்ளை கதை சொல்ல, வீட்டார் உண்ணட்டும்.

ரிங்லெட்டில் காய்கறிக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். மலைச்சரிவெங்கும் நெகிழிக் கூரைகளின் கீழ்க் காய்கறிதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது லாரியில் ஏறிக் கீழே இறங்கும் சரக்கு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபொழுது, சந்தைக்கு அனுப்ப வழியின்றிக் கெமரன் மலை விவசாயிகள் காய்கறிகளைக் குவியல் குவியலாகக் கொட்டியதை நாடே செய்தியில் கண்டது. அத்தனை விளைச்சலுக்கு நடுவில் வாழ்ந்தும், முள்ளங்கி மண்ணுக்கு மேலே காய்க்கிறதா கீழே விளைகிறதா என்று தடுமாறும் மாணவர்கள் வகுப்பில் உண்டு.

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல இயலாது. "நீயாவது படித்து மண்ணைத் தொடாத வேலைக்குப் போ" என்றுதான் தோட்டத்துப் பெற்றோர் சொல்லி வளர்க்கின்றனர். கொழுந்து பறித்தும் பண்ணையில் மருந்தடித்தும் தேய்ந்த கைகள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கின்றது. பிள்ளைகள் தொழிலாளிகளாக வேண்டுமென்று நானும் கூறவில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு சேர்ந்து, அப்பாவுக்குத் தெரிந்தது எதுவும் அறிவில்லை என்ற எண்ணமும் பிள்ளையின் மனத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றது. கடையில் வாங்கும் விருந்தில் அந்தத் தந்தை பணம் போதாதவர். நாற்றிலிருந்து தொடங்கும் விருந்திலோ அந்த வீட்டில் எல்லாம் அறிந்தவர் அவர்தாம். எந்த இலை எதனால் சுருளுகின்றது என்பதில் ஆசிரியராகிய நான் அவரிடம்தான் பாடம் கேட்க வேண்டும்.

சரி, எந்தக் கதை? ஆங்கிலக் கதை என்றால் நமக்கு வேலையே இல்லை. பியாட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட பீட்டர் முயல் கதையில், அந்த முயல் வேலிக்குள் நுழைந்து தின்பவை சாலட் இலை, பீன்ஸ், முள்ளங்கி. மூன்றும் நம் கொல்லையில் எளிதாய் விளைபவை. இங்கிலாந்து முயலுக்கு ரிங்லெட் பொருத்தமான ஊர்! நம் கதைகள்தாம் வெயில் கேட்கின்றன. தெனாலிராமன் அரண்மனைத் தோட்டத்தில் பறித்தது கத்தரிக்காய். புல்வேளூரில் பூதன் என்பவர் ஔவையாருக்கு வரகுச் சோற்றோடும் புளித்த மோரோடும் படைத்ததாகத் தனிப்பாடல் கூறுவதும் கத்தரிக்காய்.

கத்தரி வெப்பத்தை விரும்பும் செடி. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், நம் இரவுக் குளிரில் அது சோம்பி நிற்கும். கறுப்பு நாற்றுப் பையில் நட்டு, வெயில் விழும் சுவரோரம் வைத்து, மேலே மழைத்தடுப்பாக ஒரு நெகிழித்தாளைக் கட்டினால் காய்க்கும். காம்போஸ்ட் குழியில் தேநீர்ச் சக்கையைப் போட மறவாதீர்கள். நம் வீடுகளில் அதற்கா குறை? சமவெளியில் நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய் பறிக்கலாம். இங்கே இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். அதுவும் நன்மையே. அத்தனை நாளும் தெனாலிராமன் அந்த வீட்டில் பேச்சாக இருப்பான். வேண்டுமானால் சௌசௌவும் நடலாம். குளிரில் தழைத்துப் படரும். தமிழ்நாட்டில் அதற்குப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றே பெயர். கதைக்கு அந்தப் பெயர்ப் பொருத்தம் போதும்.

தெனாலிராமன் திருடுகின்றான், பொய்யும் சொல்ல வைக்கின்றான், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று ஆசிரியர் சிலர் தயங்குவர். உறங்கிய மகன்மேல் நீரை ஊற்றி, மழை பெய்ததாக நம்ப வைத்து, கறியை ஊட்டுகின்றான். மறுநாள் விசாரணையில், கத்தரிக்காய் தின்றேன், அப்பொழுது மழையும் பெய்தது என்கிறான் சிறுவன். கனவென்று எண்ணி விட்டுவிடுகின்றனர். இக்கதையை வகுப்பில் நடத்தினால் 'நேர்மை' என்ற நன்னெறிப் பண்பை எழுதி அடிக்கோடிட்டு முடித்துவிடுவோம். உணவு மேசையில் விடைப்பட்டி கிடையாது. மகன் சொன்னது பொய்யா? மனைவியின் ஆசைக்காகத் திருடலாமா? மன்னன் ஒருவனுக்கு மட்டும் ஏன் அந்தக் காய்? பாட்டி ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார். எல்லாம் தமிழில் நடக்கும். ஆண்டுக்கு எத்தனை நூல் என்று நிலாம் வாசிப்புத் திட்டத்தில் முன்பு ஏட்டில் பதிந்தோம், இப்பொழுது இணையத்தில் பதிகின்றோம். அந்த எண்ணிக்கையைவிட இந்த ஒரு வேளைச் சச்சரவையே நான் பெரிதாக மதிப்பேன்.

மலாய்க்கார அண்டை வீட்டாரை அழைப்பதானால் வெள்ளரி நடுங்கள். சாங் கன்சில் வெள்ளரி திருடிய கதை அவர்கள் அறிந்தது. அவர்கள் பிள்ளையையே சொல்லச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: விருந்துக்கு நாள் குறித்துவிட்டு நடாதீர்கள். நட்டுவிட்டு நாளை எண்ணுங்கள். சாவிக் கீரைக்கு முப்பது, நாற்பது நாள். முள்ளங்கிக்கு நாற்பது, ஐம்பது. பீன்சுக்கு இரண்டு மாதம். பிறந்தநாள் முந்திவிட்டால் கேக் வெட்டிக்கொள்ளலாம். கதை விருந்து கத்தரி காய்த்தபின் நடக்கட்டும்.