டேப்புக்கு எதற்குக் காசு கொடுக்கிறோம்?

ஒரு சுயாதீன பேண்ட் தன் ஆல்பத்தின் அட்டையில் "முழுக்க அனலாக் ஸ்டூடியோவில் பதிவானது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும், கேட்பதற்கு முன்பே பாதிப் பேர் தலையாட்டத் தொடங்கிவிடுகிறார்கள். "என்னா வார்ம்த் பாரு மச்சி!" என்கிறார்கள். நம்மூரில் கேசட் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் வாயிலும் இதே வார்த்தைதான். இந்த வியாபாரச் சொல்லைத் தூக்கிக் குப்பையில் போட்டால்தான் அனலாக் ஸ்டூடியோ எதற்கு என்று உருப்படியாகப் பேச முடியும்.

டேப்பில் ஒலி மாறுகிறது, உண்மைதான். லெவலை ஏற்றிப் பதிவு செய்தால் உச்சங்கள் லேசாக அமுங்கும், மெல்லிய இரைச்சல் சேரும். அதைப் போலச் செய்ய இன்று கம்ப்யூட்டரில் ஒரு பிளக்-இன் போதும். காது காட்டிக்கொடுத்துவிடும் என்கிறீர்களா? அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் முழுக்க அனலாக் என்று நம்பித்தான் ரசிகர்கள் காசைக் கொட்டினார்கள். பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022-இல் அம்பலமானது. அதைக் கிளப்பியவர் ஒரு ரெக்கார்டு கடைக்காரர். அதுவரை அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆடியோ வெறியர்கள்!

அப்புறம் எதற்கு டேப்? கணக்கைப் பாருங்கள். இரண்டு அங்குல டேப், 24 டிராக், ஒரு ரீல் 2,500 அடி. நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் பதினாறரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாலு பாட்டு. ரீல் விலையோ புது பேண்டின் கழுத்தைப் பிடிக்கும். முப்பது டேக் எடுத்து வைத்துக்கொண்டு "அப்புறம் பாத்துக்கலாம்" என்று கிளம்ப முடியாது. அதே டிராக்கில் ஒரு வரியை மறுபடி பாடினால் பழையது போயே போச்சு. வெட்டி ஒட்டுவதென்றால் பிளேடும் ஒட்டுநாடாவும்தான். எது நல்ல டேக் என்று நாலு பேரும் அங்கேயே நின்று முடிவெடுத்தாக வேண்டும். அதற்குப் பாட்டு முன்னாலேயே கையில் ஊறியிருக்க வேண்டும். நாம் காசு கொடுப்பது இந்த நெருக்கடிக்கு.

இதைப் புரிந்துவைத்திருந்தவர் 2024-இல் காலமான ஸ்டீவ் ஆல்பினி. நிர்வானாவின் 'இன் யூடரோ'வை 1993 பிப்ரவரியில், மினசோட்டாவின் ஒரு ஸ்டூடியோவில் ஏறத்தாழ இரண்டே வாரத்தில் முடித்தார். ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள் என்றார். பாட்டு பேண்டுடையது, பதிவு செய்தவனுக்கு அதில் ஆயுள் பங்கு எதற்கு என்பது அவர் நியாயம். 1997-இல் சிகாகோவில் எலெக்ட்ரிகல் ஆடியோவைத் திறந்த பிறகும் 'தயாரிப்பாளர்' பட்டத்தை ஏற்கவில்லை. பேரே தெரியாத பேண்டுகளுக்கும் அதே மைக், அதே டேப். மைக்குகளைச் சரியான இடத்தில் வைப்பதும், பேண்ட் வாசிப்பதை அப்படியே பிடிப்பதும்தான் தன் வேலை என்று இருந்தார்.

"இந்தக் கட்டுப்பாட்டை லேப்டாப்பிலும் வைத்துக்கொள்ளலாமே?" என்று கேட்பீர்கள். தாராளமாக. முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம். ஆனால் நடப்பது என்ன? டிரம்ஸ் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் உடனே கட்டத்துக்குள் இழுத்து உட்கார வைக்கிறோம். குரல் கொஞ்சம் சரிந்தால் மென்பொருள் நிமிர்த்திவிடுகிறது. கடைசியில் எந்த பேண்டைக் கேட்டாலும் ஒரே பேண்ட். நாலு பேர் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும்போது வரும் அந்தத் தள்ளாட்டம் இருக்கிறதே, பெரிய கம்பெனிகள் எத்தனை கோடி கொடுத்தாலும் கடையில் வாங்க முடியாத சரக்கு அதுதான். கையில் இருக்கும் அந்த ஒரே சொத்தையும் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வழித்துப்போட்டுவிட்டு, வெதுவெதுப்புக்காக மேலே டேப் பிளக்-இன் தூவுவது சுத்த மோசடி.

ஆகவே பேண்ட் தோழர்களே, ஒத்திகை முடியாமல் அனலாக் ஸ்டூடியோ பக்கம் போகாதீர்கள். அறை வாடகையில் பாட்டு எழுதுவது பணக்கார பேண்டுகளின் வேலை. மூன்று மாதம் வியர்க்க வாசியுங்கள், பிறகு இரண்டு நாள் போங்கள். டேப்பை மறக்காமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள், அது உங்களுடையது. அட்டையில் 'அனலாக்' என்று போடாமலே ஆல்பத்தை வெளியிடுங்கள், பார்ப்போம்.