‘தடுக்க மாட்டேன்’னு சொன்னா போதுமா பாஸ்?

நாகர்கோவில் நண்பர்கள்கிட்ட ‘கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி எங்கே?’னு கேளுங்க. டக்குனு வழி சொல்வாங்க. ‘சரி, யாரு அந்த கேத்தரின்?’னு கேட்டா, பாதிப் பேர் முழிப்பாங்க!

கேத்தரின், இங்கிலாந்துக்காரர். கணவர் வில்லியம் பூத், மெதடிஸ்ட் போதகர். லண்டனில் ஏழைகள் நிறைந்த கிழக்குப் பகுதியில் 1865-ல் இருவரும் தொடங்கிய ஊழியம்தான், 1878-ல் ‘சால்வேஷன் ஆர்மி’ ஆனது. நம்ம ஊர்ல இரட்சணிய சேனை.

இந்த ஜோடிகிட்ட எனக்குப் பிடிச்சதே அவங்க சண்டைதான். கல்யாணத்துக்கு முன்னாடியே கடிதத்தில் செம விவாதம்... பெண்கள் பிரசங்கம் செய்யலாமா? தாராளமா செய்யலாம் என்பது கேத்தரின் கட்சி. யாரையும் தடுக்க மாட்டேன், ஆனா ஆரம்பிச்சு வைக்கவும் மாட்டேன் என்பது வில்லியம் கட்சி. எப்படி நழுவுறார் பாருங்க!

கேத்தரின் விடவில்லை. 1855-ல் கல்யாணம். ஃபீபி பால்மர் என்ற அமெரிக்கப் பெண் இங்கிலாந்து வந்து பிரசங்கம் செய்ய, ஒரு போதகர் அதைக் கண்டித்து எழுதினார். 1859-ல் கேத்தரின் பதிலுக்கு ஒரு சிறு புத்தகமே எழுதி, பைபிளை வைத்தே அவரை மடக்கினார்.

ஆனாலும் கூச்ச சுபாவம். மேடை ஏற 1860 ஆயிடுச்சு. கேட்ஸ்ஹெட் ஊர் சர்ச், பெந்தெகொஸ்தே ஞாயிறு. வில்லியம் பிரசங்கத்தை முடிக்கும் நேரம், கேத்தரின் எழுந்து முன்னால் நடந்தார். ஒரு வார்த்தை பேசணும் என்றார். பேசினார்.

அப்ப வில்லியம் என்ன செய்தார் தெரியுமா? இன்றைக்கு ராத்திரி பிரசங்கமும் என் மனைவிதான் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். தன் மேடையையே தூக்கிக் கொடுத்தார்! அப்புறம் அவர் நோயில் படுத்தபோது, அவர் ஊழியத்தை ஏற்று நடத்தியதும் கேத்தரின்தான்.

வீட்டோடு நிறுத்தவும் இல்லை. தகுதியுள்ள பெண்கள் எந்தப் பொறுப்புக்கும் வரலாம்னு 1870-ல் தங்கள் அமைப்பின் சட்டத்திலேயே எழுதினாங்க. சர்ச் ஆஃப் இங்கிலாந்து பெண்களைக் குருவாக்கியது 1994-ல்!

உடனே ‘சுபம்’ போட்டுடாதீங்க. சேனையின் தலைமைப் பதவியான ஜெனரல் பொறுப்புக்கு இதுவரை வந்த பெண்கள் மூணே பேர். 1934-ல் இவர்கள் மகள் எவாஞ்சலின், 1986-ல் ஈவா பர்ரோஸ், 2011-ல் லிண்டா பாண்ட். மூவருமே கல்யாணம் ஆகாதவங்க! தம்பதி ரெண்டு பேருமே ஆபீஸர்கள் என்றாலும், மனைவியின் பதவி ரொம்ப காலம் கணவர் பதவியை ஒட்டியேதான் இருந்தது. சட்டத்துல எழுதினா மட்டும் போதாது, ஒவ்வொரு தடவையும் யாராவது நகர்ந்து இடம் விடணும்.

நம்ம கேம்பஸையே பாருங்களேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் பண்றது கேர்ள்ஸ். பிரசென்டேஷன் அன்னிக்கு மைக் பிடிக்கிறது பாய்ஸ். கேட்டா, ‘நாங்க என்ன தடுத்தோமா?’

அது கல்யாணத்துக்கு முந்தைய வில்லியம் டயலாக் பாஸ்! அடுத்த ரிவ்யூவுக்குள்ள 1860-க்கு வந்துடுங்க... மைக்கை அந்தப் பக்கம் நீட்டுங்க!